மொழியறிவும் கற்பிக்கும் அறிவும்: அமெரிக்காவில் அயல்மொழி ஆசிரியர், ஆங்கிலம் கற்போர்க்கான ஆசிரியர் ஆகியோருக்குரிய வகுப்பறைச் செய்முறைப் பயிற்சி

ஆய்வுச்சுருக்கம்

ஒரு மொழியை நன்கு அறிந்தவர் அதனை நன்கு கற்பிப்பார் என்னும் எண்ணம் பரவலாக நிலவுகிறது. மொழியாசிரியர் கல்வி குறித்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஆய்வுகள் இவ்வெண்ணத்தை மறுக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அயல்மொழி ஆசிரியராக வரவிருப்போருக்கும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பள்ளி மாணவருக்குக் கற்பிக்க வரவிருப்போருக்கும் வழங்கப்பெறும் வகுப்பறைச் செய்முறைப் பயிற்சியை இக்கட்டுரை விளக்குகிறது. உற்றுநோக்கல், நுண்ணிலைக் கற்பித்தல், பள்ளியில் கற்பித்தல், பின்னூட்டம் ஆகிய படிகள் இரு பிரிவினருக்கும் பொதுவானவை. எனினும் அப்படிகளில் பயிலவேண்டிய திறன்கள் வேறுபடுகின்றன. பயிற்சியின் பயன் அதன் கால அளவைவிட, அந்தந்த வகுப்பறையின் மொழிச் சூழலுக்கேற்ற திறன்களைத் திரும்பத் திரும்பச் செய்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பையே சார்ந்துள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபாகும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்போர் பயிற்சிக்கு இதனால் விளையும் பயனும் இறுதியில் சுட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: செய்முறைப் பயிற்சி, நுண்ணிலைக் கற்பித்தல், இலக்குமொழி, ஆங்கிலம் கற்போர், பின்னூட்டம், கல்விசார் மொழி, ஆசிரியர் கல்வி.

முன்னுரை

தமிழ் மரபில் ஆசிரியர் இயல்பு தனித்த கவனம் பெற்ற பொருளாகும். நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியருக்குரிய பண்புகளைக் கூறுவதோடு அமையாமல், பாடம் சொல்லும் முறையையும் பாடம் கேட்கும் முறையையும் வகுத்துரைக்கிறது. நூலறிவு ஒன்று, அதனை மாணவர் கொள்ளுமாறு வழங்கும் ஆற்றல் மற்றொன்று என்னும் தெளிவு அவ்வமைப்பிலேயே புலப்படுகிறது. இக்காலக் கல்வியியலில் அமெரிக்க அறிஞர் லீ ஷூல்மன் 1986ஆம் ஆண்டில் இதனை ஒத்த ஒரு கருத்தை முன்வைத்தார். பாட அறிவு, பொதுவான கற்பித்தல் அறிவு என்னும் இரண்டிற்கும் அப்பால், குறிப்பிட்ட ஒரு பாடத்தைக் குறிப்பிட்ட மாணவருக்கு விளங்கவைக்கும் அறிவு தனிவகையானது என்பது அவர் கருத்து.

மொழிப்பாடத்தில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. வரலாற்று ஆசிரியர் வரலாற்றை மாணவர் அறிந்த மொழியில் விளக்குகிறார். மொழியாசிரியர்க்கோ கற்பிக்கும் பொருளும் கற்பிக்கும் கருவியும் ஒன்றாகவே அமைகின்றன. மாணவர் இன்னும் அறியாத மொழியைக் கொண்டே அம்மொழியை விளங்கவைக்கும் நிலை அவருக்கு ஏற்படுகிறது. இத்திறன் இலக்கணம் பயில்வதால் மட்டும் வாய்ப்பதில்லை. மாணவர் முன்னிலையில் செய்து பழகுவதாலேயே வாய்க்கிறது. அப்பழக்கம் எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லையும் கலைச்சொற்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைகளில் இருவகை மொழியாசிரியர்கள் உருவாக்கப்படுகின்றனர். ஒருவகையினர் ஸ்பானிஷ், பிரெஞ்சு, சீனம், ஜெர்மன் போன்ற மொழிகளைக் கற்பிப்போர். இவர்கள் இங்கு அயல்மொழி ஆசிரியர் எனப்படுவர். மற்றொரு வகையினர், வீட்டில் வேறுமொழி பேசி, ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் மாணவருக்குக் கற்பிப்போர். அம்மாணவரை அந்நாட்டுச் சட்டம் ‘ஆங்கிலம் கற்போர்’ என வழங்குகிறது. இவ்விருவகை ஆசிரியராகவும் வரவிருப்போரைப் பயிற்சி ஆசிரியர் என்றும், பள்ளியில் தம் வகுப்பை அவரிடம் ஒப்படைத்து நெறிப்படுத்துபவரை வழிகாட்டி ஆசிரியர் என்றும், பல்கலைக்கழகத்தின் சார்பில் வகுப்பைப் பார்வையிடுபவரை மேற்பார்வையாளர் என்றும் இக்கட்டுரை குறிக்கிறது.

செய்முறைப் பயிற்சி குறித்த நோக்குகள்

ஆசிரியர் கல்வியில் செய்முறையின் இடத்தை முதலில் ஆழ்ந்து சிந்தித்தோருள் ஜான் டூயி ஒருவர். கோட்பாட்டிற்கும் நடைமுறைக்கும் உள்ள உறவு பற்றி 1904ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், செய்முறைப் பயிற்சிக்கு இருவகை நோக்கம் இருக்கக்கூடும் என அவர் காட்டினார். ஒன்று, தொழிற்பட்டறையில் ஒருவர் தொழில் பழகுவது போல உடனடித் திறன்களைப் பெறுதல். மற்றொன்று, ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது போல, கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை உற்றறிதல். முதல் நோக்கம் மட்டும் மேலோங்கினால், வகுப்பை அடக்கி நடத்தும் உத்திகளை மட்டுமே பயிற்சி ஆசிரியர் கற்றுக்கொண்டு, மாணவர் மனத்தில் நிகழ்வதைக் காணத் தவறுவார் என்பது டூயியின் கவலையாகும்.

சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வேறொரு சிக்கலை எடுத்துக்காட்டினார். மருத்துவம் பயில வருபவர் மருத்துவரின் பணியை அருகிருந்து பார்த்திருப்பது அரிது. ஆசிரியப் பணிக்கு வருபவரோ, தாம் மாணவராக இருந்த காலம் முழுவதும் ஆசிரியர்களைப் பார்த்தவர். இதனை ‘பார்வைவழிப் பழகுநிலை’ எனலாம். அவ்வாறு பார்த்தபோது ஆசிரியரின் செயல்கள் தென்பட்டனவேயன்றி, அச்செயல்களுக்குப் பின்னிருந்த திட்டமும் காரணமும் தென்படவில்லை. எனவே பயிற்சி ஆசிரியர் பலர் தமக்குக் கற்பித்தவரை அறியாமலேயே பின்பற்றுகின்றனர். இலக்கண விதியைக் கூறி, எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதி, மொழிபெயர்க்கச் செய்யும் முறை தலைமுறை கடந்து தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அயல்மொழி ஆசிரியர் பயிற்சியை மட்டும் பொருளாகக் கொண்டு மைக்கேல் வாலஸ் 1991ஆம் ஆண்டில் எழுதிய நூல் மூன்று மாதிரிகளை வகுத்துக்காட்டுகிறது. வல்லுநரைப் பார்த்துச் செய்தல் முதலாவது. அறிவியல் முடிவுகளைக் கற்று நடைமுறைப்படுத்தல் இரண்டாவது. செய்தவற்றைச் சிந்தித்து மீளச் செய்தல் மூன்றாவது. மூன்றாவது மாதிரியில் பெற்ற அறிவும் பட்டறிவும் ஒன்றையொன்று திருத்துகின்றன. டொனால்டு ஷோன் 1983ஆம் ஆண்டில் விளக்கிய சிந்தனைவழிச் செயற்பாடு இதற்கு அடிப்படையாகும். இன்றைய அமெரிக்கப் பயிற்சித் திட்டங்களில் மூன்று மாதிரிகளின் கூறுகளும் கலந்துள்ளன எனலாம்.

இருவகை வகுப்பறைகளின் மொழிச் சூழல்

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் பிரெஞ்சு பயிலும் மாணவரை எடுத்துக்கொள்ளலாம். வகுப்பறையை விட்டு வெளியேறியதும் அவர் காதில் பிரெஞ்சு விழுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு பாடவேளையே அவருக்கு அம்மொழியோடு உள்ள தொடர்பு. எனவே அந்நேரத்தில் அம்மொழியை இயன்ற அளவு மிகுதியாகவும் விளங்கும் வகையிலும் வழங்குவதே ஆசிரியரின் முதற்பணி.

ஆங்கிலம் கற்கும் மாணவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவரைச் சுற்றிலும் ஆங்கிலமே ஒலிக்கிறது. ஆனால் அவர் ஆங்கிலத்தை மட்டும் கற்கவில்லை. அதே வேளையில் கணக்கு, அறிவியல், வரலாறு ஆகியவற்றையும் அம்மொழி வாயிலாகக் கற்றாக வேண்டும். மொழி வரும்வரை அப்பாடங்கள் காத்திருப்பதில்லை. ஜிம் கம்மின்ஸ் 1979ஆம் ஆண்டு முதல் வலியுறுத்திய வேறுபாடு இங்குக் கருதத்தக்கது. அன்றாட உரையாடலுக்குரிய மொழித்திறனை மாணவர் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் பெற்றுவிடக்கூடும். பாடநூலுக்குரிய கல்விசார் மொழித்திறனைப் பெற 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகலாம் என அவர் காட்டினார். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் சிறுவன் அறிவியல் வினாவுக்கு விடையெழுதத் தடுமாறும்போது, அதனை அறிவுக்குறைவு எனத் தவறாகக் கொள்ளும் இடர் இதனால் நேர்கிறது. இவ்வேறுபாட்டை வகுப்பறையில் கண்டுணரப் பழகுவது இவ்வகை ஆசிரியரின் பயிற்சியில் இன்றியமையாதது.

சட்டப் பின்புலம்

பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமையால் மாணவருக்கு நேரும் இழப்பு அமெரிக்க நீதிமன்றங்களின் கவனத்திற்கும் வந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன மரபினரான மாணவருள் ஏறத்தாழ 1,800 பேருக்கு மொழிசார்ந்த துணைக்கல்வி எதுவும் வழங்கப்படவில்லை. இதன்மேல் எழுந்த லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டு சனவரியில் தீர்ப்பளித்தது. ஒரே கட்டடம், ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர் என அனைவருக்கும் வழங்குவது மட்டுமே சமத்துவம் ஆகாது என்றும், பயிற்றுமொழி விளங்காத மாணவர் கல்வியிலிருந்தே விலக்கப்பட்டவராகிறார் என்றும் அத்தீர்ப்பு உணர்த்தியது.

டெக்சாசு மாநிலத்தின் ரேமண்ட்வில் பள்ளி மாவட்டம் தொடர்பான காஸ்டன்யேடா எதிர் பிக்கார்டு வழக்கு, ஆசிரியர் பயிற்சியோடு நேரடித் தொடர்புடையது. இவ்வழக்கில் 1981ஆம் ஆண்டு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று அளவுகோல்களை வகுத்தது. கல்வித்திட்டம் தக்க கோட்பாட்டின்மேல் அமைதல், அது போதிய ஆசிரியரோடும் வளங்களோடும் நடைமுறைப்படுத்தப்படல், அதன் விளைவு காலப்போக்கில் மதிப்பிடப்படல் என்பன அவை. அங்குப் பணியாற்றிய இருமொழி ஆசிரியர்கள் பெற்றிருந்த பயிற்சி 100 மணிநேர அளவினது. அதன்வழி அவர்கள் பெறவேண்டியது 700 சொற்கள் அடங்கிய ஸ்பானிஷ் சொல்வளம். அப்பயிற்சியை முடித்த பின்னும் ஆசிரியர் சிலர் மிகக் குறைந்த ஸ்பானிஷ் அறிவே பெற்றிருந்ததை நீதிமன்றம் குறையாகச் சுட்டியது. சான்றிதழ் பெற்றமையும் வகுப்பறையில் கற்பிக்க இயல்வதும் ஒன்றல்ல என்பதற்கு இவ்வழக்கு தக்க சான்றாகும்.

பயிற்சியின் படிநிலைகள்

அ. உற்றுநோக்கல்

முதற்படியாகப் பயிற்சி ஆசிரியர் வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து பார்வையிடுகிறார். லார்ட்டி சுட்டிய இடர் இங்கும் உண்டு. எதனைக் காணவேண்டும் என்னும் வரையறை இன்றிப் பார்ப்பவர், வகுப்பு நன்றாக இருந்தது அல்லது இல்லை என்னும் பொதுக்கருத்தோடு திரும்புவார். ஆகவே உற்றுநோக்கலுக்குக் கருவிகள் தேவைப்படுகின்றன. நெட் ஃபிளாண்டர்ஸ் உருவாக்கிய வகைப்பாடு வகுப்பறைப் பேச்சை 10 வகைகளாகப் பகுத்து, 3 வினாடிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளச் செய்கிறது. ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார், மாணவர் தாமாக எவ்வளவு பேசினர் என்பது இதனால் எண்ணிக்கையாகப் புலப்படுகிறது. மொழி வகுப்புக்கென ஆலன், ஃபிரோலிக், ஸ்பாடா ஆகியோர் 1984ஆம் ஆண்டில் அமைத்த கருவி, பேச்சு கருத்தை மையமாகக் கொண்டதா, மொழி வடிவத்தை மையமாகக் கொண்டதா என்பதையும் பதிவு செய்கிறது.

எளிய உற்றுநோக்கற் பணிகளும் பயன் தருகின்றன. வினா எழுப்பியபின் ஆசிரியர் எத்தனை வினாடி காத்திருக்கிறார் என்பதை மட்டும் ஒரு பாடவேளை முழுவதும் குறித்துவருவது அத்தகைய ஒரு பணி. அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர் பொதுவாக 1 வினாடி அளவே காத்திருப்பதையும், அதனை 3 வினாடி அல்லது அதற்கு மேல் நீட்டித்தபோது மாணவர் விடைகள் நீண்டும் செறிந்தும் அமைந்ததையும் கண்டறிந்தார். வினாவை முதலில் விளங்கிக்கொண்டு, பின் விடையை வேற்றுமொழியில் அமைக்கவேண்டிய மாணவருக்கு இக்காத்திருப்பு இன்னும் முதன்மையானது.

ஆ. நுண்ணிலைக் கற்பித்தல்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1963ஆம் ஆண்டில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் நுண்ணிலைக் கற்பித்தலை உருவாக்கினர். மாணவர் எண்ணிக்கை நான்கைந்தாகவும், பாடநேரம் 5 நிமிட அளவாகவும், பயிலவேண்டிய திறன் ஒன்றாகவும் சுருக்கப்படுவது இதன் அடிப்படை. பாடத்தை நடத்தியபின் ஒளிப்பதிவைப் பார்த்துக் கருத்துரை பெற்று, அப்பாடத்தை வேறு மாணவருக்கு மீண்டும் நடத்தவேண்டும். இந்தியாவில் வழங்கும் சுழற்சியில் கற்பித்தலுக்கு 6, பின்னூட்டத்திற்கு 6, மறுதிட்டமிடலுக்கு 12, மறுகற்பித்தலுக்கு 6, மறுபின்னூட்டத்திற்கு 6 என 36 நிமிடங்கள் பகுக்கப்பட்டுள்ளன. இதில் மறுதிட்டமிடலுக்கே மிகுந்த நேரம் ஒதுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

மொழியாசிரியர் பயிற்சியில் இம்முறைக்கு ஒரு தனித்த குறை உள்ளது. பல இடங்களில் சக பயிற்சி ஆசிரியரே மாணவராக அமர்கின்றனர். அவர்கள் அம்மொழியை முன்பே அறிந்தவர்கள். ஆகையால் விளங்காமை என்பது அங்கு நடிப்பாகிவிடுகிறது. கற்பிப்பவர் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் வகுப்பு இடர்ப்படுவதில்லை. இதற்கு மாற்றாக, எவரும் அறியாத ஒரு மொழியில் ஒரு பாடத்தை நடத்தி, பயிற்சி ஆசிரியரையே தொடக்கநிலை மாணவராக்கும் வழக்கம் உள்ளது. எந்தச் சைகை விளங்கியது, எந்த இடத்தில் கவனம் சிதறியது, தவறிழைத்தபோது எத்தகைய கூச்சம் ஏற்பட்டது என்பவற்றை அவர்கள் தம் பட்டறிவாகப் பெறுகின்றனர்.

இ. பள்ளியில் கற்பித்தல்

இறுதிப்படி பள்ளியில் நிகழ்வது. தொடக்கத்தில் ஒரு சிறு குழுவுக்குக் கற்பித்தல், பின்னர் வழிகாட்டி ஆசிரியரோடு இணைந்து நடத்துதல், அதன்பின் முழுப் பொறுப்பேற்றல் எனப் பொறுப்பு படிப்படியாகக் கைமாறுகிறது. இப்படியின் கால அளவு திட்டத்திற்குத் திட்டம் மாறுபடும். பன்னாட்டளவில் பரவியுள்ள கேம்பிரிட்ஜ் செல்டா என்னும் ஆங்கில ஆசிரியர் சான்றிதழ், குறைந்தது 120 மணிநேரத் தொடர்புவகுப்பையும், மதிப்பிடப்படும் 6 மணிநேரக் கற்பித்தலையும், பட்டறிவு மிக்கோர் வகுப்புகளை 6 மணிநேரம் பார்வையிடுதலையும் வேண்டுகிறது. அமெரிக்கப் பள்ளியாசிரியர் உரிமத்திற்கான பயிற்சி இதனினும் நீண்டது. பல திட்டங்களில் ஒரு முழுப் பருவம் பள்ளியிலேயே கழிகிறது. எனினும் செல்டாவின் 6 மணிநேரத்தில் ஒவ்வொரு பாடமும் உற்றுநோக்கப்பட்டு உரையாடப்படுகிறது. நீண்ட பருவமாயினும் மேற்பார்வையாளர் அரிதாகவே வந்து, வழிகாட்டி ஆசிரியர் வகுப்பை ஒப்படைத்துவிட்டு அகன்றுவிட்டால், பயிற்சி ஆசிரியர் தம் பிழைகளையே பழக்கமாக்கிக்கொள்ள நேரிடும்.

அயல்மொழி ஆசிரியர் பயிலவேண்டிய திறன்கள்

அயல்மொழிக் கற்பித்தலுக்கான அமெரிக்க மன்றமாகிய ஆக்ட்ஃபில், வகுப்பு நேரத்தில் 90 விழுக்காடோ அதற்கு மேலோ இலக்குமொழியே வழங்கவேண்டும் என 2010ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. ஆசிரியராக வருவோரின் பேச்சுத்திறனுக்கும் அது அளவு வகுத்துள்ளது. பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன் போன்ற மொழிகளுக்கு மேம்பட்ட நிலையின் கீழ்ப்படியும், அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றிற்கு இடைநிலையின் மேற்படியும் குறைந்த அளவாகும்.

இவ்வளவை எட்டிய பயிற்சி ஆசிரியரும் தொடக்கநிலை வகுப்பில் இடர்ப்படுகிறார். அவர் அறிந்த மொழி பரந்தது. மாணவர் அறிந்ததோ சில பத்துச் சொற்கள். தம் மொழியைச் சுருக்கியும், படம், பொருள், சைகை ஆகியவற்றைத் துணைக்கொண்டும், ஒரே கருத்தைப் பல வடிவில் மொழிந்தும், இடையிடையே எளிய வினாக்களால் விளக்கத்தைச் சரிபார்த்தும் பேசவேண்டும். இது இயல்பாக வரும் பேச்சன்று. ஐலின் கிளீசன், ரிச்சர்டு டொனாட்டோ ஆகியோர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், மொழியாசிரியர் முதன்மையாகப் பயிலவேண்டிய செயல்களை ஆறாக வகுத்து, ஒவ்வொன்றையும் சிறு கூறுகளாகப் பிரித்து ஒத்திகை பார்க்கும் வகையில் அமைத்துள்ளது. இலக்குமொழியை விளங்கச் செய்தல் அவற்றுள் ஒன்று. வாய்மொழிப் பின்னூட்டம் அளித்தல் மற்றொன்று.

பிழை திருத்தம் பயிற்சியின் தேவையைத் தெளிவாகக் காட்டும் பகுதியாகும். கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்த ராய் லிஸ்டர், லெய்லா ராண்டா ஆகியோர் 1997ஆம் ஆண்டில் திருத்தமுறைகளை ஆறு வகையாகப் பகுத்தனர். ஆசிரியர் மிகுதியாகக் கையாண்டது, மாணவரின் தவறான தொடரைத் திருத்தமான வடிவில் தாமே மீள மொழிதல். மொத்தத்தில் 55 விழுக்காடு இதுவே. வீட்டைக் குறிக்கும் ‘மேஸோன்’ என்னும் பெண்பாற் பெயரை மாணவர் ஆண்பாற் குறியோடு ‘லெ மேஸோன்’ என்றால், ஆசிரியர் ‘லா மேஸோன்’ எனக் கூறி மேலே செல்வது இதற்கு எடுத்துக்காட்டாகும். ஆனால் இவ்வாறு மீள மொழிந்தவற்றுள் 31 விழுக்காட்டுக்கே மாணவரிடமிருந்து எதிர்வினை எழுந்தது. ஆசிரியர் தம் தொடரை இடையில் நிறுத்தி, மாணவரே நிரப்புமாறு தூண்டிய இடங்களிலெல்லாம் மாணவர் எதிர்வினையாற்றினர். உடனடி எதிர்வினையை மட்டும் கொண்டு நிலைத்த கற்றல் நிகழ்ந்ததாகக் கொள்ளுதல் கூடாது. எனினும் ஆசிரியருக்கு எளிதாக வருவதும் மாணவர் கவனத்தை ஈர்ப்பதும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை என்பது இதனால் பெறப்படுகிறது. தம் வகுப்பின் ஒளிப்பதிவில் தம் திருத்தமுறைகளை எண்ணிப் பார்க்கும் பயிற்சி ஆசிரியர் இதனைத் தாமே கண்டறிவார்.

ஆங்கிலம் கற்போர்க்கான ஆசிரியர் பயிலவேண்டிய திறன்கள்

இவ்வகை ஆசிரியரின் பாடத்திட்டத்தில் இருவகை நோக்கங்கள் இடம்பெறவேண்டும். எச்செவாரியா, வோக்ட், ஷார்ட் ஆகியோர் உருவாக்கிய சியோப் என்னும் மாதிரி 8 கூறுகளையும் 30 தன்மைகளையும் உடையது. பாடப்பொருள் நோக்கம், மொழி நோக்கம் ஆகிய இரண்டையும் ஆசிரியர் தெளிவாக வரையறுப்பது அதன் முதன்மையான கூறுகளுள் அடங்கும்.

நீர் ஆவியாதல் பற்றிய பாடத்தில், வெப்பத்தால் நீர் ஆவியாகிறது என மாணவர் அறிவது பாடப்பொருள் நோக்கம். அக்காரண உறவை ஆங்கில நிபந்தனைத் தொடரால் கூறவும் எழுதவும் இயல்வது மொழி நோக்கம். பயிற்சி ஆசிரியர் முதல் நோக்கத்தை எளிதில் எழுதிவிடுகின்றனர். இரண்டாவது நோக்கத்தில் புதிய கலைச்சொற்களின் பட்டியலோடு நின்றுவிடும் போக்கு காணப்படுகிறது. ஆனால் மாணவரைத் தடுப்பது கலைச்சொல் மட்டுமன்று. செயப்பாட்டு வினை, நீண்ட பெயர்த்தொடர், இணைப்புச்சொல் ஆகியனவும் தடுக்கின்றன. அன்றாடப் பொருளில் அறிந்த சொல் பாடத்தில் வேறுபொருள் தருவதும் ஒரு தடை. ‘டேபிள்’ என்பதை மேசை என அறிந்த சிறுமி கணக்கு வகுப்பில் அது அட்டவணையைக் குறிக்கும்போது திகைப்பாள். பாடநூலின் ஒரு பக்கத்தை எடுத்து, அதில் மொழியால் விளையும் தடைகளைப் பயிற்சி ஆசிரியர் முன்கூட்டியே குறித்துவருதல் இதற்குரிய செய்முறைப் பணியாகும்.

அத்தடைகளைக் கடக்க அமைக்கும் தற்காலிகத் துணை ‘சாரக்கட்டு’ எனப்படுகிறது. தொடரின் தொடக்கத்தைத் தந்து முடிக்கச் செய்தல், வரைபடத்தால் உறவுகளைக் காட்டுதல், தாய்மொழி ஒத்த இருவரை முதலில் தம் மொழியில் கலந்துபேசச் செய்தல் ஆகியன சில. கட்டடம் எழுந்தபின் சாரம் அகற்றப்படுவது போல இத்துணையும் உரிய காலத்தில் விலக்கப்படவேண்டும். எப்போது விலக்குவது என்பதை நூல் கூறாது. குறிப்பிட்ட மாணவரின் எழுத்தையும் பேச்சையும் வாரக்கணக்கில் கவனித்த ஆசிரியரே அறிவார். பாடத்தின் கடினத்தைக் குறைக்காமல் மொழித்தடையை மட்டும் குறைப்பதே இங்கு வேண்டப்படுவது.

பின்னூட்டமும் மதிப்பீடும்

பின்னூட்டம் இல்லாத செய்முறை வெறும் பணியாகிவிடும். வகுப்பு முடிந்தபின் நிகழும் உரையாடலில், மேற்பார்வையாளர் தம் தீர்ப்பை முதலில் கூறுவதினும், பதிவு செய்த சான்றினை முன்வைத்துப் பயிற்சி ஆசிரியரையே முதலில் விளக்கச் செய்வது சிந்தனையை வளர்க்கும். ‘மாணவர் ஈடுபாடு குறைவு’ என்பது தீர்ப்பு. ‘பின்வரிசையில் இருந்த ஆறு மாணவர் 20 நிமிடங்களில் ஒருமுறையும் பேசவில்லை’ என்பது சான்று. சான்றிலிருந்தே மறுதிட்டம் பிறக்கும்.

தனிப்பட்ட மேற்பார்வையாளரின் விருப்புவெறுப்பைத் தவிர்க்க, பொதுவான மதிப்பீடு ஒன்றை அமைக்கும் முயற்சியாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று எட்-டிபிஏ என்னும் முறையை உருவாக்கியது. 2013ஆம் ஆண்டில் அது நாடளாவிய நடைமுறைக்கு வந்தது. பயிற்சி ஆசிரியர் தம் பாடத்திட்டம், வகுப்பின் ஒளிப்பதிவு, மாணவர் படைப்புகள், தம் பகுப்பாய்வு ஆகியவற்றைத் தொகுத்து அனுப்பவேண்டும். அயல்மொழிக்கு 13, ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்பிப்போர்க்கு 15 என மதிப்பீட்டு அளவுகோல்கள் தனித்தனியே வகுக்கப்பட்டன.

தம் வகுப்பைத் தாமே பார்த்து எழுதும் பழக்கத்தை இது வளர்த்தது என்பது ஒருசாரார் கருத்து. 300 டாலர் கட்டணமும் எழுத்துச் சுமையும் பயிற்சி ஆசிரியரை வருத்தியதோடு, மாணவர்மேல் இருக்கவேண்டிய கவனத்தைத் தேர்ச்சியின்மேல் திருப்பின என்பது மறுசாரார் கருத்து. நியூயார்க், நியூ ஜெர்சி, ஜார்ஜியா உள்ளிட்ட சில மாநிலங்கள் பின்னர் இக்கட்டாயத்தைக் கைவிட்டன. பயிற்சியை வளர்க்கும் கருவியும் தகுதியை அளக்கும் கருவியும் ஒன்றாகும்போது எழும் முரணை இது காட்டுகிறது. பயிலும் நிலையில் தவறு செய்ய இடம் வேண்டும். தேர்வில் தவறை மறைக்கவே எவரும் முயல்வர்.

தமிழ் கற்பித்தலுக்குரிய பயன்

தமிழ் இன்று தாய்மொழியாக மட்டும் கற்பிக்கப்படவில்லை. சிங்கப்பூரில் வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பலர் பள்ளியில் தமிழ் பயில்கின்றனர். புலம்பெயர் நாடுகளின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பாலும் தன்னார்வலரான பெற்றோரே ஆசிரியராகின்றனர். இவ்வகுப்புகள் மேலே கூறிய அயல்மொழி வகுப்பின் சூழலுக்கு நெருங்கியவை. எனவே இலக்குமொழியை விளங்கச் செய்தல், பிழையைத் திருத்துதல் ஆகிய திறன்கள் இங்கும் வேண்டப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, ஒரு குழந்தை ‘நாய் வந்தான்’ எனத் திணைவழு நேரப் பேசினால், ‘ஆமாம், நாய் வந்தது’ என ஆசிரியர் மீள மொழிதல் ஒரு முறை. ‘நாய்...’ என நிறுத்திக் குழந்தையே முடிக்குமாறு காத்திருத்தல் மற்றொரு முறை. தமிழிலக்கணம் நன்கறிந்த ஆசிரியர் வழுவை உடனே காண்பார். எம்முறையை எப்போது கையாளுவது என்பது வேறுவகை அறிவு.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் வேறுபடுவதால், இலக்குமொழியில் பேசுக என்னும் அறிவுரை எந்தத் தமிழில் பேசுவது என்னும் வினாவை எழுப்புகிறது. ‘வந்துகிட்டிருக்கான்’ என வீட்டில் கேட்கும் குழந்தை ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பதைப் புதுத்தொடராகவே எதிர்கொள்கிறது. உரையாடலில் ஒன்றும் வாசிப்பில் மற்றொன்றும் என ஆசிரியர் வகுத்துக்கொண்டு, அவ்வெல்லையைப் பிறழாது வழங்க முன்பழக்கம் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இவ்வகைப் பயிற்சிக்கு அடித்தளம் உள்ளது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள் கல்வியியல் இளநிலைப் படிப்பை 2 ஆண்டுகளாக்கி, 20 வாரப் பள்ளிசார் பயிற்சியை வகுத்துள்ளன. அப்பயிற்சியில் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் கூறு ஒன்றும் இடம்பெறின், பிறமொழி பேசும் மாணவரை வகுப்பில் எதிர்கொள்ளும் ஆசிரியருக்கு அது பெரிதும் உதவும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. மொழியறிவு மொழியாசிரியர்க்கு இன்றியமையாத அடிப்படை; எனினும் அது தானாகக் கற்பிக்கும் திறனாக மாறுவதில்லை. உற்றுநோக்கல், நுண்ணிலைக் கற்பித்தல், பள்ளியில் கற்பித்தல் என்னும் படிகள் அம்மாற்றத்திற்கு வழிவகுக்கின்றன. அயல்மொழி ஆசிரியர் குறைந்த நேரத்தில் மொழியை மிகுதியாகவும் விளங்கவும் வழங்கப் பழகவேண்டும். ஆங்கிலம் கற்போர்க்கான ஆசிரியர், பாடத்தில் மறைந்துள்ள மொழித்தடையைக் கண்டு நீக்கப் பழகவேண்டும். இருவருக்கும் ஒரே பயிற்சியைப் பொதுவாக அளிப்பது இருவரையும் குறையுடையவராக்கும். வாரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதினும், ஒவ்வொரு பாடத்திற்கும் சான்றுடன் கூடிய பின்னூட்டமும் மீண்டும் கற்பிக்கும் வாய்ப்பும் அமைவதே பயன்மிக்கது. ரேமண்ட்வில் வழக்கு காட்டியது போல, ஆசிரியர் பயிற்சியில் நேரும் குறை ஆசிரியரோடு நிற்பதில்லை. மொழி விளங்காமல் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தையின் கல்வி இழப்பாகவே அது முடிகிறது.